ரைட்டர் மகனுக்கு எழுத வராது

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

உனக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேனே, இதைவிடக் கேலி உண்டா? உயிரோடு இருந்தபோதே பஸ் போர்டைப் படிக்கத் திணறியவன் நீ. பரவாயில்லை, அப்பாவும் இப்போது அங்கேதானே இருக்கிறார். எஸ்டேட்டில் காலமெல்லாம் ரைட்டராக இருந்து, கூலிக் கணக்கில் ஊரார் பெயரையெல்லாம் அழகழகாக எழுதிய மனுஷன், இதை உனக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டட்டும்.

விஷயம் இதுதான். என் மகள் மேகாவைச் சேலத்தில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் காட்டிவிட்டு வந்தோம். நீ போனபோது தொட்டிலில் கிடந்தவள், இப்போது ஐந்தாம் வகுப்பு. வாயைத் திறந்தால் மூட மாட்டாள், மனக்கணக்கில் என்னையே தோற்கடிப்பாள். புத்தகத்தைக் கொடுத்துப் படி என்றால் மட்டும் உள்ளங்கை வியர்த்துப்போகும்.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல் சொன்னார். "உங்க புள்ளைக்கு மூளைல ஏதோ கொறை இருக்குதுங்க. டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாங்க. இல்லீன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க." மேகா பக்கத்தில்தான் நின்றாள். குறை, மூளை என்றெல்லாம் சொல்லும்போது குழந்தையை வெளியே அனுப்பவேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. "பைத்தியக்கார டாக்டருகிட்டப் போனோம்னு ஒண்டிக்கடை பஜார்ல தெரிஞ்சா நாளைக்கு இவள யாரு கட்டுவாங்க?" என்றார். பத்து வயசுப் பிள்ளைக்கு! கடைசியில் கண்ணுக்குக் கண்ணாடி போடப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அந்த மேடம் நல்ல மாதிரி. "கண்ணு, அவசரமே இல்ல சாமி, மெதுவாப் பண்ணு" என்று சொல்லிச் சொல்லி, காலையெல்லாம் மேகாவைக் கட்டை அடுக்கவும் படம் பார்த்துச் சொல்லவும் படிக்கவும் எழுதவும் வைத்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, மேகாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு தாளைக் காட்டினார். 'மேகா' என்று எழுதச் சொன்னதற்கு 'மகோ' என்று எழுதியிருந்தாள். "கொம்பு முன்னாடி போடோணும். ஆனா காதுக்கு அந்தச் சத்தம் எழுத்துக்கு அப்பறந்தானங்க கேக்குது? கேட்ட மாதிரியே பின்னாடி போடறா. இது சோம்பேறித்தனம் இல்லீங்க. அறிவுல எந்தக் கொறையும் இல்லீங்க. இந்த வயசுக்கு இவ நொம்ப புத்திசாலி" என்றார்.

தாளை வாங்கித் திரும்பப் பார்த்தேன் அண்ணா. சேகர் என்று எழுதச் சொன்னால் நீ 'சகேர்' என்றுதானே எழுதுவாய்? உன்னை மூன்றாம் வகுப்பில் நிறுத்திப்போட்ட வருஷம் நான் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தேன். வாத்தியார் உன் சிலேட்டைத் தூக்கிக் காட்டி, "ரைட்டர் மகனுக்குத் தம் பேரே எழுத வரலடா" என்பார். மொத்த வகுப்பும் சகேர், சகேர் என்று கத்தும்.

தப்பாகப் படித்தவன் தலையில் சரியாகப் படித்தவர் குட்ட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். உன் தலை எனக்கு எட்டாது, நீயே குனிந்து கொடுப்பாய். நான் மெதுவாகக் குட்டினால் பிரம்பு என்மேல் விழும் என்பதால், "நல்லாக் குட்டு சாமி, எனக்கு வலிக்காது" என்று காதோடு சொல்வாய். நல்லாத்தான் குட்டினேன். பயத்தில் மட்டும் இல்லை அண்ணா, வகுப்பில் முதல் ஆள் என்ற திமிரிலும்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் ஏது பள்ளிக்கூடம்? மிளகு பறிக்க ஏணி தூக்கினாய். கரடியூர்ப் பக்கம் ஒரு மழைநாளில் அந்த ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தாய். துக்கத்துக்கு வந்தவர்களும், "படிச்சிருந்தா மரம் ஏறியிருக்க வேண்டியதில்ல" என்று உன்மேலேயே பழியைப் போட்டுவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். உனக்கு முன்னால் இப்படி ஒரு மேடம் உட்கார்ந்து அந்த இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால்?

ஆனால் நான் செய்ததைக் கேள். மேடம் பேனாவை எடுத்து, "உங்க ஊட்டுல, சொந்தத்துல வேற யாருக்காச்சும் படிக்க எழுத சிரமம் இருந்துச்சுங்களா? இது குடும்பத்துல வரக்கூடியதுங்க" என்று கேட்டார். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னேன்: "இல்லீங்க மேடம். எங்கப்பா எஸ்டேட் ரைட்டருங்க." மேடமும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். இரண்டாவது முறையாக உன்னைப் புதைத்துவிட்டு எழுந்தேன்.

அறிக்கை கையில் கிடைத்தது. பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு, தேவைப்பட்டால் இவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளும் உண்டாம். ஊருக்குச் சொன்ன பொய்க்காக, பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றையும் வாங்கி அவள் மூக்கில் மாட்டிவிட்டோம். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மலை ஏறும்போது கேட்டாள்: "ஏம்மா, 'உங்க மாமன் மாதிரியே மக்கு'ன்னு தெனமும் என்னையத் திட்டுவியே. மேடம் கேட்டப்ப மட்டும் அப்படி யாருமே இல்லைன்னு ஏன் சொன்னே?"

என்ன சொல்வேன்? அன்றைக்கு உன் தலையில் கையால் குட்டியதை இன்றைக்கு அவள் தலையில் நாக்கால் குட்டுகிறேன் என்றா?

அடுத்த மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்குச் சத்தியம் செய்கிறேன் அண்ணா, வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தாலும் சரி, அந்த 'இல்லை'யை அடித்துத் திருத்தச் சொல்வேன். மேகாவின் காதில் விழும்படியே சொல்வேன். "இருந்தாருங்க மேடம். எங்கண்ணன் சேகர். அவருக்கு அறிவில்லைன்னு நாங்க சொல்லிச் சொல்லி, கடைசில அவரே நம்பிட்டுப் போயிட்டாருங்க."

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி