அடை முடியட்டும்

ஜூலை 3, வியாழன்

இல்லை, இன்னும் கிளம்பவில்லை. கோழி அடையில் இருக்கிறது.

இதை எப்படி ஒரு காரணமாகச் சொல்வது? கல்லூரியிலிருந்து துறைத் தலைவி இன்று மறுபடி கூப்பிட்டார். வகுப்புகள் தொடங்கிவிட்டன, உங்களுக்கு மேசைகூட ஒதுக்கியாயிற்று, எப்போது வருகிறீர்கள் என்றார். "வீட்ல ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு மேடம்" என்றேன். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

நேற்று அம்மா மாடிப்படிக்கு அடியில் பழைய கூடை ஒன்றில் மணல் கொட்டி, வைக்கோல் பரப்பி, ஒன்பது முட்டைகளை வைத்தாள். பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா கொடுத்த செவலைக் கோழி ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அதன் கண் மாறிவிட்டது. எதையும் பார்க்காத கண்.

"பூனை வருது, காக்கா வருது, தனியா என்னால விரட்ட முடியாது. குஞ்சு பொரிச்சதும் போயேன். மூணு வாரம்தானே?"

சரி என்றேன். அப்பா போன பிறகு இந்த வீட்டில் எல்லாமே 'முடிந்ததும் போ'தான். ஒழுகுகிற கூரை முடியட்டும் என்றாள். பிறகு பல் பிடுங்கிய இடம் ஆறட்டும் என்றாள். இப்போது இது.

ஜூலை 5, சனி

நாளுக்கு ஒருமுறை இறங்குகிறது. அவசர அவசரமாகத் தின்று, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டு, திரும்ப ஓடுகிறது. யாரும் அதைக் கட்டிப்போடவில்லை.

இதை உவமையாக்கினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன். கோழி கோழிதான்.

ஜூலை 9, புதன்

கோழி இறங்கியிருந்தபோது டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தேன். எட்டில் சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கும் ஒரு புள்ளி. ஒன்றில் மட்டும் ஒன்றுமில்லை, விளக்குக் குமிழ்போல வெறும் வெளிச்சம். கூமுட்டை. எடுத்துவிட்டேன்.

"படிச்ச படிப்பு இதுக்காவது உதவுதே" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூலை 13, ஞாயிறு

இருட்டத் தொடங்கியதும் அம்மா வீட்டின் எல்லா விளக்குகளையும் போட்டுவிடுகிறாள். யாரும் இல்லாத அறை, குளியலறை, பின்கட்டு எல்லாம். நான் ஒன்றை அணைத்தால் பின்னாலேயே வந்து போடுகிறாள். கேட்டால், கண் தெரியவில்லை என்கிறாள். ஊசியில் நூல் கோக்கிற கண்.

அண்ணன் போன் செய்தான். "நீ அங்க இருக்கேங்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா தூங்கறேன்" என்றான். பாராட்டு. அண்ணியும் அப்படியே நினைக்கிறாளாம். இரண்டு பேர் தூக்கத்துக்கு நான் காவல்.

"அப்ப நீ வந்து ஒரு மாசம் இரேன்" என்றேன்.

"எனக்கு வேலை இருக்கே, லூசு."

எனக்கும் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை அம்மா வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

துறைத் தலைவி மறுபடி கூப்பிட்டார். இருபத்தெட்டாம் தேதி காலை மேசையில் நான் இல்லையென்றால் அடுத்தவரை அழைப்பார்களாம். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். "நீ போகணும்னா போ. நான் என்ன கையைப் புடிச்சா இழுக்கறேன்?" என்றாள். உண்மைதான், பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் உதறிவிட்டுப் போகலாம்.

பொரித்ததும் போவேன், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்றேன். "சரி, பொரிக்கட்டும்" என்றாள்.

இப்போதெல்லாம் அம்மா சுறுசுறுப்பாக இருக்கிறாள். கோழி இறங்கும் நேரம் பார்த்து என்னை மாடிக்கு அனுப்பிவிடுகிறாள். துணி காயப்போட, துணி எடுக்க, வானத்தில் பருந்து சுற்றுகிறதா என்று பார்க்க. கூடை தன் பொறுப்பாம்.

இன்று கோழியின் இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை துருத்திக்கொண்டிருந்தது. எட்டுதானே, ஏன் இடம் போதவில்லை என்று தோன்றியது. முட்டையை உள்ளே தள்ளினேன். கையில் கொத்து வாங்கினேன். எண்ணவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

முட்டைக்குள்ளிருந்து சத்தம். காதில் வைத்தால் கேட்கிறது. கோழி தொண்டைக்குள்ளேயே ஏதோ பதில் சொல்கிறது.

இன்னும் வெளியே வராத ஒன்றோடு பேச்சு. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. எதற்கு? தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

ஏழு! எட்டாவது ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கிறது.

டெய்லர் அக்கா கழுத்தில் டேப்போடு ஓடி வந்தாள். நான் கடையில் வாங்கி வைத்திருந்த தீவனப் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு, "இத நீ தின்னு பாரு மொதல்ல" என்றாள். இன்றைக்கு எதுவும் கொடுக்கக் கூடாதாம். வயிற்றுக்குள் முட்டையின் மஞ்சள் கரு இன்னும் இருக்குமாம், ஒரு நாள் பசி தாங்குமாம். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, "புத்தகத்துலயே இருக்கா!" என்று நாள் முழுக்கக் கிண்டல் செய்வாள்.

பையை மாடி அறையில் அடுக்கத் தொடங்கினேன்.

ஜூலை 24, வியாழன்

எட்டும் காய்ந்து பஞ்சாகிவிட்டன. தகர மூடியில் தண்ணீர் வைத்து, மூழ்கிவிடாமலிருக்கக் கூழாங்கற்களைப் போட்டேன். ஊறவைத்த நொய்யரிசி, பொடியாக நறுக்கிய கீரை. பூந்தொட்டியைச் சாய்த்து அடியிலிருந்து மண்புழு எடுத்துத் துண்டாக்கினேன். கோழி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு துண்டை எடுக்கிறது, போடுகிறது, எடுக்கிறது, கூப்பிடுகிறது. தான் தின்னவில்லை.

குஞ்சுகள் பொரித்துவிட்டன. ஆனாலும் அது எழுந்திருக்கவில்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 25, வெள்ளி

எழுந்துவிட்டது. காலையில் எட்டையும் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டது. கூடையைச் சுத்தம் செய்யலாம் என்று குனிந்தேன்.

கூடையில் ஐந்து முட்டைகள்.

எட்டும் பொரித்துவிட்டதே, ஐந்து எங்கிருந்து வந்தது? டார்ச் கொண்டுவந்து இருட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்று முக்கால்வாசி கறுப்பு, உள்ளே அசைவு. ஒன்று பாதி. ஒன்றில் சின்னக் கண். ஒன்றில் வெறும் நரம்பு. ஒன்றில் நேற்றுதான் கிள்ளி வைத்ததுபோல ஒரு சிவப்புக் கீறல். ஐந்துக்கும் ஐந்து வெவ்வேறு வயது.

கோழியைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். எகிறிப் போய்விட்டது. அதற்கு முடிந்துவிட்டது. குஞ்சு இருக்கிறது, இனி முட்டை எதற்கு?

டெய்லர் அக்கா மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "உங்கம்மா ரெண்டு நாளைக்கொரு தரம் வந்து முட்டை வாங்கிட்டுப் போவாங்களே. உனக்கு ஆம்லெட்டுன்னுல்ல சொன்னாங்க?" பிறகு மிஷின் நின்றது. "அடக் கடவுளே. அடையிலயா வச்சாங்க? ஒண்ணா வைக்கணும்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?"

தெரியும். அம்மாவுக்குத் தெரியாதா?

அதே நாள், மாலை

கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. எனக்குன்னு ஒண்ணு வர்றப்பல்லாம் நீ ஏன் இப்படிப் பண்றே, செத்துப்போகப் போற உசிரைக் கொண்டுவந்து வைக்கறியே, பாவமா இல்லையா... இன்னும் என்னென்னவோ.

அம்மா ஒரு முட்டையை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு சொன்னாள்: "எல்லாம் ஒண்ணா பொரிஞ்சிட்டா நீ போயிடுவே. ஒண்ணு வச்சேன். யாரும் கேக்கலை. இன்னொண்ணு வச்சேன்."

யாரும் கேட்கவில்லை. ஆமாம். துருத்திக்கொண்டிருந்த முட்டையை உள்ளே தள்ளிவிட்டது யார்?

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பல்பு மாட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, ஐந்தையும் உள்ளே வைத்தேன். ஏன் செய்கிறேன்? குளிர்ந்துபோகட்டும் என்று விட மனம் வரவில்லை. இனி இவற்றை வேளாவேளைக்குத் திருப்ப வேண்டும், சூடு பார்க்க வேண்டும். கடைசி முட்டைக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று வாரம்.

அம்மாவின் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

ஜூலை 26, சனி

சின்னவை இரண்டும் போய்விட்டன. சிவப்பு வளையம் கட்டி, அசைவில்லை. மூன்று மிச்சம்.

அண்ணன்: "அதுவரைக்கும் இருந்துட்டுத்தான் போயேன். வேலை என்ன, வேற கிடைக்காதா?" நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். அணைக்கக்கூட இல்லை. அவன் கொஞ்ச நேரம் "ஹலோ, ஹலோ" என்று தரையோடு பேசிக்கொண்டிருந்தான்.

மதியம் முட்டை திருப்பப் போனேன். பாதியில் கையை எடுத்தேன்.

"அம்மா, நீதானே வச்சே. நீயே திருப்பு."

அசையவில்லை. நானும் அசையவில்லை. பல்பின் சூடு என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எழுந்து வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடி, இமைமேல் வைத்துப் பார்த்தாள்.

"சூடு ஜாஸ்தி. பல்பைக் கொஞ்சம் தூக்கு."

தூக்கிக் கட்டினேன்.

"பொரிஞ்சா இருட்டுனப்புறம் கோழிக்கு அடியில தள்ளிவிட்டுடலாம். அதுக்கு எங்க எண்ணத் தெரியப்போகுது?" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஜூலை 27, ஞாயிறு

குஞ்சுகள் தாயைப் பார்த்துத் தரையைக் கீறுகின்றன. கீறிய வேகத்தில் ஒன்று மல்லாந்து விழுந்தது. அம்மா சிரித்தாள். டெய்லர் அக்கா ஒரு பிடி கம்பு இடித்துக்கொண்டு வந்து, "மூணு பொரிக்கறவரைக்கும் நான் ராத்திரி இங்க வந்து படுத்துக்கறேன். என் வீட்டு ஆளோட குறட்டைக்கு இது மேல்" என்றாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா இது? ஏன் எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை?

என்னைப் போ என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள். மூன்று தடவை.

இருட்டிவிட்டது. மாடியிலிருந்து பையை இறக்கிக்கொண்டு வந்தபோது வீடே இருட்டாக இருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று பதறிவிட்டேன். பெட்டிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து முட்டை திருப்பிக்கொண்டிருந்தாள். மற்ற விளக்குகளைப் போட அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

நானும் போடவில்லை.

துறைத் தலைவியைக் கூப்பிட்டு, காலையில் வந்துவிடுவேன் என்றேன். கோழியையும் குஞ்சுகளையும் கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே கல் வைத்தேன். இதை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.