நம் படகுக்கு இரண்டு பிளக் வாங்கிய கதை

லூர்து, என் மச்சானே,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அலுப்புதான், வேறொன்றுமில்லை. காலையில் எழும்போதே அந்த நாள் முடிந்துவிட்டால் தேவலை என்றிருக்கிறது. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் நான் ஓய்வு பெற்ற அன்று, "இனி வாரத்துக்கு மூணு நாள் கடல்ல பாய் விரிப்போம்ல" என்று சொன்னாய். கடைசியில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குத்தான் போனோம்.

படகைப் பற்றிச் சொல்லவே உட்கார்ந்தேன். ஒரு கம்பெனி கிளப் வேண்டாமென்று தள்ளிய அந்த இரண்டாள் பாய்மரப் படகை, துறைமுகத்துக் கிரேன் டிரைவர் நீயும் ஆபீஸ்காரன் நானும் சேர்ந்து வாங்கியபோது கரையே சிரித்தது. மீன் பிடிக்காத வள்ளம் எதற்கு என்று கேட்டார்கள். நீ படுத்த பிறகு அது கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போன மாதம் ஜெசிந்தா போன் செய்தாள். இருபது வருடமாக, உன் மனைவி கரையில் நின்று பார்த்ததோடு சரி.

"அண்ணாச்சி, படகை வித்துட்டியளா?"

"இல்லம்மா. கெடக்கு."

"விக்காதிய. நான் ஒரு தடவ ஏறணும். அவிய அங்கன அப்பிடி என்னத்தக் கண்டாவன்னு பாக்கணும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? மறுநாள் போய்த் தார்ப்பாயை விலக்கினேன். பாயும் கயிறும் பரவாயில்லை. பின்பக்கத்தில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்கும் இரண்டு பிளக்குகள்தான் கெட்டுப்போயிருந்தன. அடியில் இருக்கும் காற்றறை வெயிலில் மூச்சுவிட வேண்டும், கரையில் கிடக்கும்போது பிளக்கைத் திறந்து வை என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். நான் மூடியே போட்டிருந்தேன். திருகியதும் ஒன்றின் தலை மட்டும் கையோடு வந்தது. மற்றது பிஸ்கட் மாதிரிப் பொடிந்தது.

உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன். என் முழங்கால் உனக்குத் தெரியும். முதல் கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளக்கைக் கொடுத்தார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது. இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது, திருகு மரை வேறு. அடுத்த கடையில், மேலிருக்கும் பிடியை மடக்கினால் உப்பி அடைத்துக்கொள்ளும் ரப்பர் பிளக். இறுக்கமாகப் பிடித்தது. ஆனால் நம்முடைய ஓட்டைக்குள் மரை இருக்கிறதே, அந்த வரிகளின் வழியே தண்ணீர் கசிந்தது. வழவழப்பான குழாய்க்குத்தான் அது சரி. பித்தளையில் கடைந்து தரச் சொல்லலாமா என்று துறைமுகச் சாலைச் சாமான் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"பித்தள போட்டா உள்ள இருக்க பிளாஸ்டிக் மரையத் தின்னுரும்," என்றார். "பழைய படகுங்கிய. பிளக்கு, அது ஏறுற வளையம் ரெண்டையும் கழட்டி செட்டாவே மாத்திருங்க. பிளக்கு மட்டும் வாங்குனா அலைஞ்சிக்கிட்டேதான் இருப்பிய."

சரியென்று சென்னையிலிருந்து செட்டாகத் தருவித்தேன். பன்னிரண்டு நாள் ஆனது. பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்து, ஆணித் துளைகள் பொருந்தாமல் புதிதாகத் துளைத்து, பசை தடவி, இரண்டு நாள் காயவிட்டேன். உனக்கு அரைநாள் வேலை. எனக்கு ஒரு வாரம்.

கசிகிறதா என்று பார்க்க ஜெசிந்தாவும் வந்திருந்தாள். காற்றறைக்குள் நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அவள் குனிந்து பிளக்கின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. நான் மறுபடியும் ஊற்றினேன்.

"போதும் அண்ணாச்சி. அவிய ஒங்கள மாதிரி பாத்துப் பாத்துச் செஞ்சிருந்தா அன்னைக்கு மூழ்கிருப்பியளா? மறதிக்கார மனுசன்."

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். முயல்தீவுப் பக்கம் போய்த் திரும்பும்போது படகு கனத்தது. பின்பக்கம் தாழ்ந்தது. கழுத்தளவு தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். ஒரு மீன்பிடி வள்ளம்தான் இழுத்து வந்தது. கரையில் ஜெசிந்தா, லீவுக்கு வந்திருந்த மகளை அணைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள். "பிளக் போட மறந்துட்டேன்" என்று நீ சொன்னாய். அன்று பிளக் போடும் முறை என்னுடையது. நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடம் அவள் உன்னைக் கடலுக்கு விடவில்லை. பிறகு அவள் சம்மதித்து, நாம் நாலைந்து முறை போவதற்குள் உன் சிறுநீரகம் பழுதானது. உடம்பில் தெம்பு இருந்த கடைசி இரண்டு வருடமும் என்னால்தான் கரையில் கழிந்தன. ஆஸ்பத்திரியில் ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தேன். "விடுல. அவ ஏச்சு எனக்குப் பழகிருச்சு. ஒன்ன ஏசுனா நீ வீட்டுப்பக்கமே வரமாட்ட" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய். அப்போதாவது நான் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், இல்லையா?

வாளியைக் கீழே வைத்தேன்.

"மறந்தது அவன் இல்லம்மா. நான்."

அவள் நிமிரவில்லை. ஈரக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு வருசம், அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது நாள் போன் இல்லை. நானும் செய்யவில்லை. என்ன சொல்லிப் பேசுவது? போன ஞாயிறு கொட்டகையில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்து நின்றாள். சேலைக்கு மேல் உன் லைஃப் ஜாக்கெட்.

"பிளக்க நான் போடுதேன். நீங்க தள்ளி நில்லுங்க."

இரண்டையும் போட்டாள். கழற்றிப் பார்த்து, ரப்பர் வளையத்தைச் சரிசெய்து, மறுபடி போட்டாள். ஐந்தாறு பேர் தள்ளிவிட, படகு இறங்கியது. மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று லேசாகத்தான் அடித்தது. அலை தட்டும்போதெல்லாம் அவள் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் பிடியைத் தளர்த்தி உப்பளப் பக்கம் பார்த்தாள். ஊர் அத்தனை சிறியதாகத் தெரிந்தது.

"இதுக்குத்தானா?" என்றாள். கேள்வி உனக்கா எனக்கா என்று தெரியவில்லை.

பிறகு உப்பளத்தைப் பார்த்தபடியே பேசினாள். "ஒங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அவிய முகத்துக்கு நேரா எவ்வளவு ஏசிருப்பேன். அத நான் எங்கன கொண்டு கொட்ட?"

பாய்க் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"திருப்புங்க. வெயில் ஏறுது."

திரும்பினோம். கரையில் பிளக்குகளைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஒரு சொட்டு வரவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். அவ்வளவுதான். உன்னிடம் ஜம்பமாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பதும் அவ்வளவுதான்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு உன் மகள் மஸ்கட்டிலிருந்து வருகிறாள். 'எங்கப்பா பிளக்கையே மறந்துட்டுக் கடலுக்குப் போனவரு' என்று அவள் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், சேர்ந்து சிரித்தும் இருக்கிறேன். இந்த முறை அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே, மறந்த தாத்தா நான்தான் என்று சொல்லிவிடுவேன். உன் வீட்டில் இனி யாரும் உன்னை மறதிக்காரன் என்று சொல்ல விடமாட்டேன், மச்சான்.

இப்படிக்கு,
நீ பழி சுமந்து காத்த உன் மச்சான்,
செல்வராஜ்