மூர்த்தி மேல் போட்ட பழி

12.2.2006, ஞாயிறு

பேத்தி கல்யாணத்துக்கு வர என் மகன் ரவிக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைச் சிடியிலாவது பார்க்கலாம் என்று காத்திருந்தான். வீடியோ எடுத்தது, கும்மிடிப்பூண்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் தங்கை மகன் மூர்த்தி. கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே அவன் சொன்னான்.

"பெரிம்மா, சுருக்காம ஏத்துனா ஒரு மணி நேரத்துலயே கம்ப்யூட்டர் டிஸ்க்கு ரொம்பிடும். எல்லாரும் சுருக்கித்தான் வெச்சிக்கினு இருக்காங்க."

"சுருக்குனா கலர் பூடும்னு எனக்குத் தெரியாதாடா? என் பேத்தி பட்டுப்பொடவ சாயம் போன மாதிரி தெரியணுமா? அப்படியே ஏத்து."

ஏற்றினான். மாலை மாற்றும் வரைக்கும் ஏறி, இடமில்லாமல் நின்றுவிட்டது. அதைக் கவனிக்காமல், அதே கேசட்டில் மறுநாள் வேறு கல்யாணம் எடுத்துவிட்டான். முகூர்த்த மாதத்தில் அவர்கள் பழைய கேசட்டையே திரும்பத் திரும்பப் போடுவார்கள். தாலி கட்டியது அழிந்துபோயிற்று.

இன்று வீட்டுக்கு வந்து அதைச் சொன்னான். அந்நேரம் பார்த்து ரவி போன் செய்தான்.

"சிடி இன்னா ஆச்சும்மா?"

"மூர்த்தி கெடுத்துட்டான்டா" என்றேன்.

மூர்த்தி எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கவனிக்காதது அவன் தப்புதான். பிடிவாதம் பிடித்தது நானாயிற்றே. நாளைக்கு ரவி அவனைக் கூப்பிட்டுத் திட்டுவான். அதற்குள் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ரவி நம்பரை இரண்டு முறை அழுத்தினேன். இரண்டு முறையும் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.