மாறனின் நீச்சல் சான்றிதழ்

மாறா,

சாம்பார் அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். அலமாரிச் சாவியை நான் எடுத்துப்போகிறேன். உன் பாஸ்போர்ட் உள்ளேதான் இருக்கிறது. பதினோரு மணிக்கு உன்னை வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் வந்து அதைக் கேட்டால், அண்ணன் ஆபீஸுக்குப் போய்விட்டான் என்று சொல்.

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலைக்குப் போகிறவன் ஐந்து நாள் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நீ ஆழமான குளத்தில் குதித்து, கவிழ்ந்த ரப்பர் படகை நிமிர்த்தியதாக உன் சான்றிதழ் சொல்கிறது. குதித்த தேதி சித்ரா பௌர்ணமி. அன்று நீ என்னோடு செங்கம் ரோட்டில் கிரிவலம் வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

ஏஜென்டைக் கேட்டால், "மேடைய சுத்தி கம்பி போட்டிருக்காங்க சார், தம்பி எங்க விழப்போறாரு?" என்று சிரிக்கிறார். நீயோ, "தேதிய மாத்தி அடிச்சிட்டாங்கண்ணா. அண்ணி தவறுனதுலேருந்து உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்கிறாய்.

இருக்கலாம். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்ததை நம்பித்தான் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேங்கிக்கால் மாமா கிணற்றுக்கு வா. கயிறும் லாரி டியூபும் கொண்டுவருகிறேன். குதித்து நீந்திக் காட்டு. காட்டினால் வெள்ளிக்கிழமை நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்.

எழில்

அப்பளம் நீல டப்பாவில் இருக்கிறது. காலையில் நான் உன்னிடம் கத்தியிருக்க வேண்டாம்.

பயமாக இருந்தால் குதிக்காதே, சொல்லிவிடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.