நிழல் பக்கத்துக் கன்னம்

8, ஞாயிறு

காலையிலிருந்து மேகமூட்டம். முகத்தைப் படம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. செம்பாக்கத்தில் என் ஸ்டூடியோ ஜன்னலும் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது.

மகள் கலா வந்தாள். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இடுப்பில் பேத்தி. இன்றுதான் பார்க்கிறேன். முதல் பிறந்தநாள் வருகிற செவ்வாய்க்கிழமையாம். கருப்பு வெள்ளையில் ஒரு படம் வேண்டுமாம்.

"வாம்மா, வழியெல்லாம் ஞாபகம் கீது போல?"

"வேலையப் பாருப்பா."

குழந்தை ஜன்னல் ஓரம், பாயில். நான் தரையில் குப்புறப் படுத்து அவள் கண் மட்டத்துக்குக் கேமரா. ஒரு கன்னம் வெளிச்சம், ஒரு கன்னம் நிழல். கண்ணுக்குள் குட்டியாக ஜன்னல்.

"பாதி மூஞ்சி இருட்டா கீதே."

"உன் மூஞ்சி முழுசும் இருட்டா கீது. அதுக்கு இது தேவல."

கலாவின் உதடு லேசாக நெளிந்தது. போதும்.

9, திங்கள்

கம்ப்யூட்டர் வேலை. கண் படாமலிருக்க எல்லாக் குழந்தைக்கும் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் கூட்டிவருவார்கள். கருப்பு வெள்ளையில் அது கன்னத்தில் ஓட்டை போட்ட மாதிரி. அழிப்பது என் வழக்கம். இவளுக்கு இரண்டு. வெளிச்சப் பக்கம் பெரிசு, நிழல் பக்கம் எள்ளளவு. இரண்டையும் அழித்தேன். பெரிய பிரிண்ட், ஃபிரேம், கொடுத்தனுப்பியாயிற்று. இப்படி ஒரு படம் நான் எடுத்ததே இல்லை.

10, செவ்வாய்

மழை. கலா போன்.

"அந்தச் சின்னது மை இல்ல. மச்சம். அவுங்க அப்பாவுக்கு கீற அதே எடத்துல."

தெரியாதும்மா என்றேன்.

"என் கல்யாணத்துல இன்னா சொன்னே? மாப்ள கன்னத்துல எள்ளு ஒட்டிகினு கீது, தொடச்சிகினு வந்து தாலி கட்டச் சொல்லுன்னே. மண்டபமே சிரிச்சுது. அவுரு தலை குனிஞ்சிகினு ஒக்காந்திருந்தாரு. இப்போ கொயந்த மூஞ்சிலர்ந்தே அவர தொடச்சிட்டே."

வைத்துவிட்டாள்.

சத்தியமாகத் தெரியாது. யார் நம்புவார்கள்? வாய்க்கொழுப்புக்காரன் தெரியாமல் செய்தாலும் அது கிண்டல்தான். லென்ஸ் வழியாக அவ்வளவு நேரம் பார்த்தேன். ஒரு தடவை தூக்கி முத்தம் கொடுக்கத் தோன்றவில்லை. மை உதட்டில் ஒட்டும். மச்சம் ஒட்டாது.

11, புதன்

மச்சத்தோடு புது பிரிண்ட். பஸ் பிடித்துப் படப்பை, அவள் வீடு. கதவு திறந்தது மாப்பிள்ளை. படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நிழல் கன்னத்தை மட்டும், ரொம்ப நேரம்.

"நல்லா இருக்கு சார்."

மாமா இல்லை. சார்.

குழந்தையைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தூங்குது சார்."

உள்ளே குழந்தை தட்டைத் தரையில் தட்டித் தட்டிச் சிரிக்கிற சத்தம்.

"எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.