ரென் குருவிக்கு நான் மாட்டிய பெட்டி

வெண்டல்,

சோளரொட்டியை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன்.

உங்கள் கூட்டுப்பெட்டியில் இருந்த நீலக்குருவியின் முட்டைகளை உடைத்தது நீங்கள் இல்லை. கொல்லைக்கு வரட்டும் என்று நான் ஆசையாக இன்னொரு பெட்டி மாட்டி அழைத்த ரென் குருவிதான். பக்கத்தில் இன்னொரு கூடு இருப்பது அதற்குப் பொறுக்கவில்லை. இன்று காலை கடைசி முட்டையையும் அது கொத்தித் துளைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிறன்று சபையார் முன்னால், “பெட்டியத் திறந்து திறந்து பாத்தா முட்டை தங்குமா? கரடிக் கை!” என்றேன். “ஆமா, கரடியேதான்” என்று நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைக்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

ஆறு மணி ஜெபக்கூட்டத்தில் அவர்கள் எல்லாரிடமும் உண்மையைச் சொல்வேன்.

லோயிஸ்

ரென் பெட்டியைக் கழற்றிவிடாதீர்கள், உள்ளே அடைகாக்கிறது.

நீங்களும் கூட்டத்துக்கு வாருங்கள். நீங்கள் இல்லாத இடத்தில் கேட்டால் அது பாதி மன்னிப்புதான்.