காவலா, விலங்கா

23 செப். 1978, சனி

மேல்காற்று, பலம். கொடியில் சட்டைகள் முறுக்கிக்கொண்டன. பேனைக்கு மை ஊற்றினேன். மூட்டுவலிக் குளிசை ஒன்று விழுங்கினேன்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் நடேசன் வந்தார். கலைமகள் விழாவில் பட்டிமன்றமாம். நான் நடுவராம். "ஐயா, ஊரிலை காலம் முழுக்கக் கோட்டிலை மொழிபெயர்த்தனீங்கள். உங்களை விட்டால் ஆர்?" நீதிமன்றத்தில் நான் மற்றவர் சொன்னதைச் சொன்னவன். தீர்ப்புச் சொன்னவன் அல்ல. சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

தலைப்பு: அமெரிக்காவின் படையுதவி நிக்கராகுவாவுக்குக் காவலா, விலங்கா? ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஊர்ப் பிரச்சினையை எடுத்தால் மண்டபம் ரெண்டாப் போகும் ஐயா. இது ஒருத்தருக்கும் நோகாத விஷயம்."

பக்கத்து வீட்டு மார்த்தா அந்த நாட்டவர். நடேசனுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. ஏன் சொல்லவில்லை?

25 செப். திங்கள்

நூலகம். குடையை மறந்து திரும்பப் போய் எடுத்தேன். குறிப்புகள்:

– அந்த நாட்டுப் படையை முதலில் அமைத்துக் கொடுத்ததே அமெரிக்கர். இன்றும் பயிற்சி பனாமாக் கால்வாய் ஓரத்தில்.
– துவக்கும் தோட்டாவும் விமானமும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே. இப்போது கிளர்ச்சியை அடக்க அந்த விமானங்கள் குண்டு போடுவது சொந்த நாட்டு ஊர்களின் மேலேயே.
– உதவியை நிறுத்துவதா என்று வாஷிங்டனில் வாதம்.
– மறுபக்கம்: நிறுத்தினால் வேறொரு பெரிய நாடு உள்ளே வரும். இதுவும் முழுப் பொய்யல்ல.

இரண்டு பக்கமும் சமமாக வந்தன. அப்படி வரும்படி நானே எழுதினேனோ.

28 செப். வியாழன்

வெயில். மார்த்தா வேலிக்கு மேலாக உடைந்த பிஸ்கட் பை நீட்டினார். தொழிற்சாலையில் வேலையாட்களுக்குக் கொடுப்பது. என் மகள் வதனி விழாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள் போல.

"டொன் கந்தையா, என் நாட்டைப் பற்றி நீங்கள் நீதிபதியா?" (மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவார். எனக்குக் கூச்சம்.) நீதிபதி இல்லை, வெறும் பேச்சு விழா என்றேன். ஏற்கவில்லை. பிறகு சொன்னார். மகன் அந்தப் படையில் சார்ஜன்ட். பனாமாவில் பயிற்சி முடித்ததும் பெருமையாகப் படம் அனுப்பினானாம். மார்த்தாவின் தாய் லெயோன் நகரில். குண்டு விழுந்த நகர். இருவரிடமிருந்தும் சேதி இல்லை.

"மகனுக்கு என்ன எழுத? அங்கேயே இரு என்றா? விட்டுவிட்டுக் கோஸ்டா ரிகாவில் அக்காவிடம் போ என்றா? படித்தவர்கள் கூடிப் பேசப்போகிறீர்கள். முடிவைச் சொல்லுங்கள். அதை எழுதுகிறேன்."

தலையாட்டிவிட்டேன். உள்ளே வந்து பிஸ்கட்டைத் தரம் பிரித்தேன். கிரீம் உள்ளது, இல்லாதது.

6 அக். வெள்ளி

நடேசன் வீட்டில் சீட்டுக் குலுக்கி அணி பிரித்தோம். பல் டாக்குத்தர் செல்வாவுக்குக் 'காவல்' விழுந்தது. "ஐயோ! போன கிழமைதான் அந்த உதவியை நிப்பாட்டச் சொல்லி மனுவிலை கையெழுத்துப் போட்டனான்." ஒரே சிரிப்பு. "விடு மச்சான், காசுக்குப் பல்லுப் புடுங்கிறனி, சும்மா ஒரு பொய் சொல்லமாட்டியோ?" என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்து தீர்ப்பை எழுதி வைத்தேன். எந்த மேடையிலும் சொல்லப்படுகிற தீர்ப்புத்தான். காவலும் விலங்கும் ஒரே இரும்பில் செய்தவை, இரு அணியும் வென்றன. வதனி வாசித்தாள். "நல்லாயிருக்கு அப்பா. ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

மார்த்தாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. தெரிந்துதான் மடித்தேன்.

7 அக். சனி

மழை. மண்டபத்தில் கதிரை போதவில்லை. மார்த்தா முன்வரிசையில், நீலச் சட்டை, கழுத்தில் சிலுவை. ஒரு சொல்லும் விளங்காது. சபை சிரித்தால் தானும் சிரித்தார்.

செல்வா வெளுத்து வாங்கினார். "பனாமாவிலை படிச்ச சார்ஜன்ட் ஒருத்தன் லீவிலை வீட்டை போறான். தாய் கதவைத் திறக்கிறா. 'அடையாள அட்டை எங்கை?' எண்டு கேட்டானாம்! என்ன ஒழுக்கம்! இந்த ஒழுக்கத்தை இனாமாக் குடுத்தது ஆர்?" மண்டபம் குலுங்கியது. மார்த்தாவும் சிரித்தார். கையும் தட்டினார்.

தாளை மாற்றியிருக்கலாம். பேனை சட்டைப்பையிலேயே இருந்தது. எழுதியதை எழுதியபடி வாசித்தேன். கைதட்டல். பிறகு வடை, தேத்தண்ணி. மார்த்தா என்னைத் தேடுவது தெரிந்தது. பின்கதவால் வந்துவிட்டேன்.

8 அக். ஞாயிறு

மழை விட்டது. மார்த்தா தேவாலயத்திலிருந்து நேரே வந்தார். குசினியில் இருத்தி வதனி தேத்தண்ணி கொடுத்தாள்.

முதல் கேள்வி: "நேற்று எல்லோரும் அப்படிச் சிரித்தார்களே, எதற்கு?"

கோட்டில் செய்தது போல, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். சிரிக்கவில்லை. "கேட்பான்," என்றார். "சின்ன வயதிலேயே அவனுக்கு எல்லாம் ஒழுங்கு."

"அந்த டாக்டர் படை நல்லது என்று நம்புகிறாரா?" இல்லை, அந்தப் பக்கம் அவருக்குச் சீட்டில் விழுந்தது.

"சீட்டில்?"

ஓம் என்றேன். தீர்ப்பையும் சொன்னேன். இரு அணியும் வென்றன. ஆங்கிலத்தில் இன்னும் கேவலமாகக் கேட்டது.

கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். "என் மகனுக்கும் சீட்டுத்தான். அவன் வேலை தேடிய வருஷம் படை மட்டும்தான் ஆள் எடுத்தது." எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "அந்தத் தாள் எனக்கு வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், டொன் கந்தையா. உங்கள் மகன் என்றால்?"

வதனி குழாயை மூடினாள்.

"வரச் சொல்லுங்கோ." தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில்.

"ஓடும்போது பிடிபட்டால்?"

தெரியாது என்றேன். பிடிபடமாட்டான் என்று சொல்ல நான் யார்? அப்படியிருந்தும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

கடிதம் எழுத வீட்டில் பேனை இல்லையாம். என்னுடையதைக் கொடுத்தேன். மை நிறைய இருந்தது.

10 அக். செவ்வாய்

மேல்காற்று திரும்பவும். குளிசை ஒன்று. நடேசன் போனில்: தீர்ப்பு அருமையாம், பொங்கலுக்கும் நானே நடுவராம். மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். மூட்டுவலி என்றேன்.

மார்த்தாவின் முன்னறைத் திரை காலையிலிருந்து மூடியே. வேலைக்கும் போகவில்லை. ஏதும் சேதி வந்ததோ, கடிதம் இன்னும் எழுதி முடியவில்லையோ. பேனை திரும்பி வரவில்லை. கேட்கப் போகமாட்டேன். இதைப் பென்சிலால் எழுதுகிறேன்.